வீட்டு முகமும் வேலை முகமும்: இணையத்தில் இரண்டையும் பிரித்து வைப்பது எப்படி?

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்தும் நண்பர் ஒருவரின் வாட்ஸ்அப் எண், சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் பலவற்றிடம் இருக்கிறது. அந்த எண்ணின் முகப்புப் படத்தில், பள்ளிச் சீருடையில் பேட்ஜோடு நிற்கும் அவருடைய மகளைப் பார்த்தபோது எனக்கு மனம் பதறியது.

முதலில் தொழிலுக்குத் தனி எண் வாங்குங்கள். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் சேர்த்துப் பயன்படுத்த முடியாது என்பதால், இரண்டாவது சிம்மில் பிசினஸ் செயலியைத் தொடங்கி, கடைப் பெயர், முகவரி, வேலை நேரம் ஆகியவற்றை மட்டும் அதில் இடுங்கள். சொந்த எண்ணின் படத்தை உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைத்து, வாடிக்கையாளர் எண்களை அந்தத் தொடர்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் அவர்களும் பார்ப்பார்கள்.

பெயரில்தான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சான்றிதழில் உள்ள இனிஷியலையும் எழுத்துக்கூட்டலையும் மாற்றாமல், வேலைத் தொடர்புகளுக்கான தளமான லிங்க்டுஇன்னில் எழுதுங்கள். வீட்டில் அழைக்கும் பெயர் முகநூலோடு நிற்கட்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆற்காடு, வாலாஜாக்காரர்கள் பழைய பக்கங்களில் மாவட்டத்தை இராணிப்பேட்டை என்று திருத்த வேண்டும்.

முகநூலின் பழைய பொதுப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை; தனியுரிமை அமைப்பில் அவை அனைத்தையும் ஒரே முறையில் நண்பர்களுக்கு மட்டும் என மாற்றலாம். பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, உங்கள் பெயரையும் எண்ணையும் கூகுளில் தேடி, அந்நியர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள்.