ராப் வரி: இயைபு சும்மா வரும், எதுகைக்குத்தான் உழைக்கணும்

தமிழில் ராப் எழுத உட்காருபவர்கள் முதலில் தேடுவது வரிக் கடைசியில் ஒத்த ஓசை, அதாவது இயைபு. நம் மொழியில் அது தேடாமலே கிடைக்கும். வினைமுற்று கடைசியில் வந்து நிற்பதால் வந்தேன், நின்னேன், சொன்னேன் என்றே பதினாறு பாரையும் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) ஓட்டிவிடலாம். நாலாவது பாரிலேயே கேட்பவருக்குச் சலித்துவிடும், ஏனென்றால் அங்கே ஒத்துப்போவது விகுதி மட்டும்தான். வினையை உள்ளே தள்ளிப் பெயர்ச்சொல்லைக் கடைசியில் நிறுத்துங்கள். ‘வந்தான் பாரு அந்த ஆளு’ என்று பேச்சில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வசதி ராப்புக்கும் உண்டு.

எழுதும் முன் பீட்டை எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு பாருக்கு நாலு தட்டு. 2லும் 4லும் ஸ்நேர், அதாவது டிரம்மின் ‘டக்’ அடி, விழும். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பார் சுமார் 2.7 விநாடி, 16 பார் வெர்ஸ், அதாவது ராப்பின் ஒரு பத்தி, 43 விநாடி. ஒவ்வொரு தட்டையும் நாலாகப் பிரித்தால் பாருக்கு 16 இடம். உயிரொலிக்கு ஒன்றாக எண்ணி 8 முதல் 12 வரை வைத்தால் வாய்க்கு வசதி. ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ ஒன்றே 7 இடத்தைத் தின்னும். ‘பாத்துட்டிருக்கேன்’ 5 தான். பேச்சுத் தமிழ் இங்கே வெறும் ஸ்டைலுக்காக வருவதில்லை, இடத்தை மிச்சப்படுத்துகிறது.

அடுத்து, சொல்லே இல்லாமல் ஃப்ளோவை, அதாவது வரி தாளத்தில் ஓடும் விதத்தை, பிடியுங்கள். பீட்டை ஓடவிட்டு ‘தத்த தான தந்த தான’ என்று வாயில் வந்ததை முனகிப் பதிவு செய்யுங்கள். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டுக்கு மேலே அச்சாகியிருக்கும் சந்தக் குழிப்பும் (பாட்டின் ஓசை அச்சு) இதே சங்கதிதான். ‘தத்த’ வந்த இடத்தில் கட்டு, வெற்றி மாதிரி வல்லின ஒற்று; ‘தந்த’வில் பந்து, சங்கு; ‘தான’வில் நெடில். அச்சு கிடைத்துவிட்டால் சொல்லைப் பொருத்துவது பாதி விளையாட்டு.

இனி எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றவேண்டும், முதல் எழுத்தின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். கட்டு, பட்டு எதுகை. கட்டு, பாட்டு இல்லை. இலக்கணத்தை மறந்துவிட்டு பீட்டில் சொல்லிப் பார்த்தாலும் இரண்டாவது ஜோடி தொளதொளவென்றுதான் கேட்கும்.

வட்டம் போட்டு நின்ன கூட்டம்
சட்டம் பேச வந்தா ஓட்டம்

தட்டுக்கு ஒரு சொல். வட்டம், சட்டம் முதல் தட்டில் எதுகையாக விழுகின்றன. கூட்டம், ஓட்டம் நாலாவது தட்டில், ஸ்நேர் மேலேயே. முதல் வரியில் போட்டு, கூட்டம் இரண்டும் 2, 4 ஸ்நேரில் விழுவதால் உள்ளேயும் ஓர் அடி கிடைக்கிறது. இரண்டாம் வரியில் அந்த இடத்தில் ‘பேச’ வந்து ஒற்று போய்விட்டது. அதனால் அடி கொஞ்சம் மென்மை. பொருளுக்காக அதை விட்டுக்கொடுக்கலாம், ஆனால் தெரிந்தே விட்டுக்கொடுக்கவேண்டும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று வகையுளி: சொல்லின் முதல் எழுத்து தட்டில் விழாமல் நடு எழுத்து விழுந்தால் சொல் இரண்டாக உடைந்து கேட்கும். முன்னால் ‘அட’, ‘இந்த’ என்று ஏதாவது சேர்த்துத் தள்ளிவிட்டால் சரியாகும். இரண்டாவது, இடம் நிரப்பக் குறிலை இழுப்பது. படம் பாடமாகிவிடும், விடு வீடாகிவிடும். இழுக்கவேண்டிய இடத்தில் நெடில் உள்ள சொல்லையே போடுங்கள்.

மூன்றாவது மூச்சு. 90 பிபிஎம்மில் இரண்டு பார் ஐந்து விநாடிக்கு மேல் ஓடும். இரண்டு பாருக்கு ஒருமுறை நாலாவது தட்டில் பாதியைக் காலியாக விடுங்கள். தாளில் அங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்ச் வரி 15, 16ஆம் பார்களில் வரப்போகிறது என்றால் அவற்றை முதலில் எழுதிவிட்டு, அதற்கு எதுகை தேடிப் பின்னோக்கி வாருங்கள். முன்னாலிருந்து எழுதிக்கொண்டு போனால் நல்ல சொல்லெல்லாம் ஆறாவது பாரிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக போனில் மூன்று டேக் எடுங்கள். மூன்றிலும் ஒரே இடத்தில் நாக்கு தடுக்கினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், அந்தச் சொல்லை மாற்றுங்கள்.