ஆளுயரக் குண்டு மாம்பழம் ஊதுவது எப்படி?

டிராயிங் வகுப்பில் காற்றடைத்த பெரிய சிற்பம் செய்யலாம் என்றதும் பிள்ளைகள் கேட்பது யானை, டைனோசர். முதல் தடவையே அதெல்லாம் வேண்டாம். நம்ம சேலத்துக் குண்டு மாம்பழம் போதும், கிட்டத்தட்ட உருண்டைதான், கொஞ்சம் கோணினாலும் மாம்பழமாகவே தெரியும்.

இரண்டு ஷீட்டை மாம்பழ வடிவில் வெட்டி ஓரத்தை ஒட்டினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஊதிப் பார்த்தால் ஓரமெல்லாம் சுருங்கி ஒரு தலையணை வந்தது. உருண்டை வேண்டுமென்றால் இதழ் இதழாகத்தான் வெட்டவேண்டும். இதை போர்டில் விளக்காதீர்கள், ஆளுக்கொரு ஏற்காட்டு ஆரஞ்சைக் கொடுத்து, தோலைக் காம்பிலிருந்து அடிவரை எட்டாகக் கீறி உரிக்கச் சொல்லுங்கள். தோலை மேசையில் பரப்பியதுமே புரிந்துவிடும், பழமும் மிச்சம்.

சரி, கணக்கு. 2 மீட்டர் விட்டத்துக்கு எட்டு இதழ், ஒவ்வொன்றும் 314 செ.மீ. நீளம். நடுவில் அகலம் 78 செ.மீ., நடுவிலிருந்து இருபக்கமும் 52 செ.மீ. தள்ளி 68, 104 செ.மீ. தள்ளி 39, நுனியில் கூர்மை. புள்ளிகளை வளைவாக இணைத்து, செய்தித்தாளை ஒட்டி ஒரே ஒரு மாதிரி வெட்டி, அதையே எட்டுக்கும் வைத்து வெட்டுங்கள். 50 மைக்ரான் பாலிதீன் ஷீட் ஒன்றரைக் கிலோ தாராளம்.

ஒட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு இதழை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் பார்த்து வைத்து, இரண்டு இஞ்ச் டேப்பை விளிம்பில் பாதி மேலே, பாதி கீழே மடித்து ஒட்டவேண்டும். அப்புறம் மேல் இதழைத் திருப்பி அடுத்ததை அதன்மேல் வைத்து, இப்படியே போய் கடைசி ஓரத்தில் அடியில் மட்டும் 60 செ.மீ. விட்டுவிடுங்கள், அதுதான் வாய். ஏற்காட்டில் மூடுபனி நாளில் இதைத் தொடங்கவே வேண்டாம், ஷீட்டில் ஈரம் படிந்தால் டேப் ஒட்டாது.

வாயில் ஒரு பாலிதீன் குழாயை ஒட்டி, மறுமுனையை டேபிள் ஃபேன் கூண்டின் முன்பக்கத்தைச் சுற்றிக் கட்டுங்கள். ஃபேனின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். ஓட்டையைத் தேடி அலையவேண்டாம். ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும்வரை, கசிவதைவிட உள்ளே வருவது அதிகமாக இருந்தால் போதும். ஆனால் கரண்ட் போனால் மெல்ல அமுங்கும், அதனால் யாரையும் உள்ளே நுழைய விடாதீர்கள்.

மூக்கு வேண்டுமா? பாதி ஊதியதும் ஒரு பக்கத்து ஓரத்தை மட்டும் மூன்று இடத்தில் கிள்ளி மடித்து டேப் போடுங்கள், அந்தப் பக்கம் குறுகி வளைந்துவிடும். போஸ்டர் கலர் பாலிதீனில் நிற்காது, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். மஞ்சள், பச்சை ஷீட்டையே மாற்றி மாற்றி வையுங்கள், புள்ளிகளுக்கு பெர்மனென்ட் மார்க்கர்.

முடிந்ததும் வாய்க்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சுருட்டி வந்தால் காற்று தானாகப் போய்விடும். எங்கள் மாம்பழம் இப்போது ஒரு மஞ்சப்பைக்குள், பீரோ மேலே இருக்கிறது.