பெரியவர்களுக்கு ஸ்மார்ட்போன்: கொடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

எழுபது வயதானவருக்கு ஸ்மார்ட்போன் ஒத்துவரவில்லை என்றால் பழி அவர் மேல்தான் விழும். ‘எத்தனை தடவை சொன்னாலும் ஏற மாட்டேங்குது’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள். ஆனால் சிக்கலில் பெரும்பங்கு, போனைத் தயார் செய்து கொடுத்த மகனோ மகளோ முதல் அரை மணி நேரத்தில் செய்து வைத்தது. தன் விரலுக்கும் கண்ணுக்கும் அவசரத்துக்கும் ஏற்றபடி அமைத்ததை அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

பழைய போனைத் தள்ளிவிடுவது

புதுப் போன் வந்ததும் பழையது அம்மாவுக்குப் போகும். போவதில் தப்பில்லை, எந்த நிலையில் போகிறது என்பதுதான் கேள்வி. நான்கைந்து வருடம் உழைத்த பேட்டரி மதியத்துக்குள் இறங்கிவிடும். சார்ஜர் செருகும் இடம் தளர்ந்திருந்தால் நீங்கள் வயரை ஒரு கோணத்தில் வளைத்து வைத்துச் சமாளித்திருப்பீர்கள். கை நடுங்குபவரால் அது முடியாது. அப்டேட் நின்றுபோன ஆண்ட்ராய்டில் சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியையும் சார்ஜ் போர்ட்டையும் மாற்றிவிட்டுக் கொடுங்கள்.

உங்கள் கூகுள் கணக்கோடு அப்படியே கொடுப்பது இதைவிட மோசம். அம்மா எடுக்கும் படங்கள் உங்கள் கணக்கில் ஏறும். உங்கள் அலுவலக மெயில் அவர் திரையில் வந்து விழும். அவர் தெரியாமல் அழிக்கும் போன் நம்பர் உங்கள் போனிலும் காணாமல் போகும். முதலில் செட்டிங்ஸில் உங்கள் கணக்கை நீக்குங்கள், பிறகு போனில் இருப்பதை எல்லாம் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், போன் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். அடுத்து அவர் பெயரிலேயே புதுக் கணக்கு. பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்பார்கள். வீட்டுப் பீரோவுக்குள் இருக்கும் தாளை இணையத் திருடன் படிக்கப்போவதில்லை.

‘நான் ஒண்ணுமே பண்ணலை, தானா போயிடுச்சு’

முகப்புத் திரையில் இருந்த வாட்ஸ்அப் காணாமல் போனதும் பெரியவர்கள் சொல்வது இதுதான். பொய் இல்லை. தொடுதிரை, விரலால் உண்டாகும் மிகச் சிறிய மின் மாற்றத்தை வைத்துத்தான் தொடுகையை அறிகிறது. வயதான விரலின் தோல் உலர்ந்து தடித்திருக்கும். தொட்டதைத் திரை சரியாக உணராது. அதனால் அவர் அழுத்தமாக, கொஞ்சம் நேரம் வைத்து அழுத்துகிறார். அரை விநாடி தாண்டியதுமே போன் அதை ‘அழுத்திப் பிடித்தல்’ என்று எடுத்துக்கொள்கிறது. ஐகான் பெயர்கிறது, விரல் நகர்கையில் கூடவே நகர்ந்து எங்கோ விழுகிறது, சில சமயம் நீங்கியே போகிறது.

இதற்குப் பாடம் எடுக்க வேண்டாம், செட்டிங்ஸை மாற்றினால் போதும். ஆக்சசபிலிட்டி பகுதியில் ‘டச் அண்ட் ஹோல்டு டிலே’ என்று இருக்கும். அதை ‘லாங்’ என்று வைத்தால் பெரும்பாலான போன்களில் ஒன்றரை விநாடி வரை பொறுக்கும். முகப்புத் திரையை அழுத்திப் பிடித்தால் வரும் செட்டிங்ஸில், ஐகான்கள் நகராமல் பூட்டும் வசதி பல போன்களில் உண்டு. அதையும் போட்டுவிடுங்கள். தடிமனான டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருந்தால் திரையின் உணர்வு இன்னும் குறையும். மெல்லியதாக மாற்றுங்கள், அல்லது ‘டச் சென்சிடிவிட்டி’ இருந்தால் கூட்டுங்கள்.

கீழிருந்து மேலே தள்ளுவது, ஓரத்திலிருந்து இழுப்பது போன்ற சைகைகள் இளையவர் விரலுக்குப் பழகியவை. கண்ணுக்குத் தெரியாத பட்டனை ஒருவர் எப்படித் தேடுவார்? நேவிகேஷனை மூன்று பட்டன் முறைக்கு மாற்றுங்கள். பின்னே போக ஒன்று, முகப்புக்கு ஒன்று என்று திரையின் அடியில் எப்போதும் தெரியும். ‘எங்கே மாட்டிக்கிட்டாலும் நடுவில் இருப்பதை அழுத்துங்க’ என்ற ஒற்றை வாக்கியம் பாதிப் பயத்தைப் போக்கிவிடும். ஆட்டோ ரொட்டேட்டை நிறுத்திவிடுங்கள். படுத்தபடி பார்க்கையில் திரை புரண்டால் பதறிப்போவார்கள்.

எழுத்தைப் பெரிதாக்குவதிலும் ஒரு தவறு நடக்கிறது. எழுத்தின் அளவு வேறு, திரையில் இருக்கும் எல்லாவற்றின் அளவு வேறு; செட்டிங்ஸில் இரண்டும் தனித்தனி. இரண்டையும் உச்சத்துக்கு ஏற்றினால் சில ஆப்களில் கடைசி பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், அவரால் மேற்கொண்டு போகவே முடியாது. எழுத்தைப் பெரிதாக்கி, தடித்த எழுத்தாகவும் வைத்து, திரை அளவை ஒரே ஒரு படி மட்டும் ஏற்றுங்கள். பிறகு அவர் தினமும் திறக்கும் ஆப்களை நீங்களே ஒரு முறை கடைசி வரை ஓட்டிப் பாருங்கள்.

கைரேகைப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். வயதானவர்களுக்கும், பாத்திரம் தேய்த்து மண் வெட்டிய கைகளுக்கும் ரேகை தேய்ந்திருக்கும். ரேஷன் கடையில் விரல் வைத்து வைத்து அலுத்துப்போகும் அதே சங்கடம் இங்கேயும் வரும். நம்பர் பூட்டுதான் அவர்களுக்குச் சரி.

மணி அடித்தும் எடுக்கவில்லையா?

வயதாகும்போது முதலில் குறைவது கீச்சென்ற உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். புதுப் போனோடு வரும் மெல்லிய கிணுகிணு ரிங்டோன்களில் பல அந்த ரகம். பழைய டெலிபோன் மணி மாதிரியோ, தவில் நாதஸ்வரமோ, கனமான ஒலியாக வையுங்கள். ரிங்டோன், பேசும் ஒலி, வீடியோ ஒலி ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வால்யூம் என்பதையும் சொல்லிவிடுங்கள். யூடியூபில் சத்தம் ஏற்றினால் மணியும் சத்தமாக அடிக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

டேட்டாவை அணைத்து வைக்கும் பழக்கம்

அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் போகாது. கேட்டால், ‘வேலை முடிஞ்சதும் நெட்டை ஆஃப் பண்ணிடுவேன்’ என்பார். சிரிக்க வேண்டாம், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியாவில் 1995இல் மொபைல் வந்தபோது, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுத்தோம். 2003 மே மாதம்தான் அது நின்றது. எஸ்டிடி பூத்தில் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்தபடியே பேசி முடித்த தலைமுறை அது. மிஸ்டு கால் என்ற ஏற்பாடே அப்படிப் பிறந்ததுதான். பிறகு டேட்டாவுக்கும் எம்பி கணக்கில் காசு போனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான் நிலைமை மாறியது. அதற்குப் பின் போன் பிடித்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் விநோதமாகத் தெரியும்.

அதனால் ‘ஆஃப் பண்ணாதீங்க’ என்று சொன்னால் நடக்காது. கணக்கைக் காட்டுங்கள்: உங்கள் பேக்கில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, நள்ளிரவில் மீதி காலாவதி ஆகிவிடும், அணைத்து வைத்தாலும் அடுத்த நாளுக்குச் சேராது. சேமிக்க எதுவும் இல்லை என்று தெரிந்தால் அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

பணம் இருக்கும் இடத்தில்

இங்கேதான் பெரிய தவறுகள் நடக்கின்றன. முதலாவது, ஓய்வூதியக் கணக்கையே யுபிஐயில் இணைப்பது. வாழ்நாள் சேமிப்பு இருக்கும் கணக்கின் சாவியை டீக்கடை கியூஆர் ஸ்கேனரோடு கட்டி வைக்க வேண்டியதில்லை. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதை யுபிஐயில் இணையுங்கள். இன்னொரு வழி யுபிஐ சர்க்கிள்: உங்கள் கணக்கிலிருந்து அவர் செலவழிக்கலாம், வரம்பை நீங்கள் வைக்கலாம், ஒவ்வொரு முறையும் உங்கள் சம்மதம் கேட்கும்படியும் அமைக்கலாம்.

இரண்டாவது, அப்பாவின் வங்கிக் கணக்கில் ‘நானே பார்த்துக்குறேன்’ என்று மகனின் நம்பரைக் கொடுப்பது. யுபிஐ பதிவுக்கு, வங்கியில் கொடுத்த நம்பரின் சிம் அந்தப் போனிலேயே இருக்க வேண்டும். மகன் வெளியூரில் மீட்டிங்கில் இருக்கும்போது அப்பா கவுன்ட்டரில் ஓடிபிக்காகக் காத்து நிற்பார். அதோடு, தன் பணத்தின் எஸ்எம்எஸ் தனக்கு வராமல் இருப்பதை எந்தப் பெரியவரும் விரும்புவதில்லை, வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது, ‘எதையும் தொடாதீங்க, யாரையும் நம்பாதீங்க’ என்ற பொதுவான மிரட்டல். அதனால் பயம்தான் வரும், எது ஆபத்து என்று தெரியாது. குறிப்பாகச் சொல்லுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. அனுப்பவும் பேலன்ஸ் பார்க்கவும்தான் கேட்கும். வீடியோ காலில் யாரையும் போலீஸ் கைது செய்வதில்லை. ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது திறந்தால் போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் கோப்பை, திறக்கக் கூடாது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும். யார் கேட்டாலும் திரையைப் பகிரக் கூடாது. நீங்களே உதவி செய்ய வேண்டியிருந்தாலும், தொலைவிலிருந்து போனை இயக்கும் ஆப்களை அவர் போனில் போட்டு வைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் இன்ஸ்டால் செய்யச் சொல்வதும் அதே ஆப்களைத்தான்.

ஏமாந்துவிட்டால் திட்டாதீர்கள். முதல் முறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை மறைப்பார். இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். மறைத்து வைத்த இரண்டு நாளில் அது பல கணக்குகள் தாண்டியிருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதி போன் கவருக்குள் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் மாற்ற வேண்டியவை

‘மீடியா ஆட்டோ டவுன்லோடு’ முழுவதையும் அணையுங்கள், இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களிலேயே இடம் நிரம்பிவிடும். பிரைவசி பகுதியில், குழுவில் சேர்ப்பவர்கள் ‘மை கான்டாக்ட்ஸ்’ மட்டும். தெரியாத எண்களின் அழைப்பைச் ‘சைலன்ஸ்’ செய்யுங்கள். இரட்டைச் சரிபார்ப்பின் ஆறு இலக்க எண்ணையும் அதே பீரோ நோட்டில் எழுதுங்கள்.

டைப் அடிக்க முடியாதவருக்குக் குரல் பதிவே வழி என்று விட்டுவிடாதீர்கள். ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்க்கும்போது ‘ஹேண்ட்ரைட்டிங்’ முறையைத் தேர்ந்தெடுத்தால் விரலாலேயே தமிழில் எழுதலாம். நல்ல கையெழுத்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள்.

கையிலிருந்து போனைப் பிடுங்குவது

‘இப்படி, இப்படி, அவ்வளவுதான்’ என்று மூன்று விநாடியில் செய்து திருப்பிக் கொடுப்பது கற்றுக்கொடுத்தல் ஆகாது. போன் அவர் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் வாயால் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வேலை, அதுவும் அவருக்கு வேண்டிய வேலை. பேத்தியின் படத்தைத் தங்கைக்கு அனுப்புவது எப்படி என்று கேட்டவருக்குக் கூகுள் லென்ஸ் காட்டாதீர்கள்.

பேரப்பிள்ளை கார்ட்டூன் பார்க்க அதே போனைக் கேட்கும் வீடுகளில் இன்னொன்றும் தேவை. செக்யூரிட்டி செட்டிங்ஸில் ‘ஆப் பின்னிங்’ இருக்கும். யூடியூபைப் பின் செய்து கொடுத்தால் பூட்டு நம்பர் இல்லாமல் குழந்தையால் வேறெங்கும் போக முடியாதபடி அமைக்கலாம். இல்லாவிட்டால் தாத்தாவின் போனில் புதுப்புது கேம்களும் அவற்றோடு வரும் விளம்பரங்களும் நிறைந்துவிடும். கேட்டால் யாருக்கும் தெரியாது.

பட்டன் போன் போதும் என்பவருக்கு

‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்பவரைப் பின்தங்கியவராகப் பார்ப்பதும் தவறுதான். அவர் கணக்கில் நியாயம் இருக்கிறது. வங்கியில் பதிந்த நம்பரைப் பட்டன் போனில் வைத்திருப்பவரின் ஓடிபியை எந்த ஏபிகேயும் திருட முடியாது. அந்த சிம்மை அங்கேயே விட்டுவிட்டு, வீடியோ காலுக்கு மட்டும் இரண்டாவது சிம் போட்ட ஸ்மார்ட்போன் ஒன்றை வீட்டில் வையுங்கள், அதில் பண ஆப் எதுவும் வேண்டாம். இரண்டு விஷயங்களில் மட்டும் கவனம்: ஜியோவுக்கு 2ஜி கிடையாது, ஆகவே ஜியோ சிம் என்றால் 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். இரண்டு சிம்மிலும் ரீசார்ஜ் விட்டுப்போகாமல் பாருங்கள். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்டு நம்பர் துண்டிக்கப்பட்டு வேறொருவர் கைக்குப் போகலாம். வங்கி நம்பர் அப்படிப் போனால் ஆதாரிலும் வங்கியிலும் மாற்ற அலைய வேண்டிவரும்.