ஏரியாவுல இருக்குற கூட்டுத் தோட்டத்துக்கு உருப்படியா எப்படி உதவலாம்

உங்க ஏரியால நாலு பேரு சேர்ந்து காலி மனையில காய்கறி போடுறாங்க, நாமளும் கை குடுக்கலாமேன்னு தோணுதா, விதை பாக்கெட் வாங்கிட்டு போய் நிக்காதீங்க. விதை தேவைக்கு மேலயே கெடக்கும். ஆளுதான் கெடைக்காது. நாத்து நடுற அன்னைக்கு செல்ஃபி எடுக்க கூட்டம் அள்ளும், கொஞ்ச நாள் கழிச்சு களை எடுக்க கூப்பிட்டா குரூப்ல ஒருத்தரும் வாயே திறக்க மாட்டாங்க. அதனால தோட்டத்தை பாத்துக்குறவங்ககிட்ட "எந்த நாள்ல ஆள் இல்லாம திண்டாடுறீங்க"ன்னு கேட்டு அந்த நாளை உங்க பேர்ல எழுதிக்கோங்க, வாரத்துக்கு ஒரு நாள் போதும், ஆனா தவறாம போங்க.

பெரும்பாலும் தண்ணி ஊத்துற வேலைதான் வரும். விரலை மண்ணுல ரெண்டு கணு உள்ள விட்டு பாருங்க, ஈரம் தட்டுப்பட்டா விட்டுருங்க, காஞ்சிருந்தா இலை மேல தெளிக்காம வேர்ப்பக்கம் நிதானமா ஊத்துங்க. காலைல ஊத்துறது நல்லது, ராத்திரி முழுக்க இலை ஈரமாவே இருந்தா பூஞ்சை வந்துரும்.

தோட்டமே இப்பதான் ஆரம்பிக்குறாங்கன்னா மண் டெஸ்ட் செலவை நீங்க ஏத்துக்கோங்க, காசா குடுக்குறதுல இதுக்கு மேல உபயோகமானது இல்லங்குறது என் கருத்து. சிட்டி மண்ணுல பழைய பெயின்ட், வண்டிப் புகைன்னு காரீயம் படிஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, கார் பைக்குக்கு போடுற பெட்ரோல்ல அதை கலக்குறது உலகம் முழுக்க நின்னதே 2021லதான், படிஞ்சது தானா போகாது, குழந்தைங்க மூளை வளர்ச்சியையே கெடுக்கும். அளவு கூட இருந்தா அந்த மண்ணை விட்டுட்டு மேடைப் பாத்தி கட்டி வெளியிலேர்ந்து நல்ல மண் கொண்டு வந்து போடணும். லேசா சந்தேகம் இருந்தா கூட கீரையும் கிழங்கும் வேண்டாம், தக்காளி மாதிரி காய்க்குறதுல உள்ள ஏறுறது கம்மி.

வீட்டு காய்கறிக் கழிவை கம்போஸ்டுக்கு குடுக்குறீங்கன்னா கூடவே ஒரு பை காஞ்ச இலையும் கொண்டு போங்க. பச்சைக்கழிவு ஒரு பங்குன்னா காஞ்சது ரெண்டு மூணு பங்கு வேணும், இல்லன்னா நாத்தம் அடிச்சு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

இப்ப முக்கியமான விஷயம். விளைஞ்சது யாருக்கு போகுது? ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி பழம் சாப்பிடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, சின்ன தோட்டத்தால ஏரியாவுக்கே அது முடியாது, ஆனா கீரை மாதிரி சீக்கிரம் வாடுற ஐட்டத்தை பறிச்ச அன்னைக்கே குடுக்க முடியும். பல இடத்துல என்ன ஆகும்னா பகல் பதினொரு மணிக்கு குடுப்பாங்க, வேலைக்கு போறவங்க யாரும் இருக்க மாட்டாங்க, வசதியா இருக்குறவங்களே வாங்கிட்டு போயிருவாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிச்சு ஈரத்துணி போட்டு நிழல்ல வைங்க, ஜனங்க வீடு திரும்புற நேரத்துல குடுங்க. ஃபார்ம், அடையாள அட்டைன்னு கேக்காதீங்க, ஒரு உண்டியல் வச்சு முடிஞ்சதை போடுங்கன்னு விட்டா வாங்குறவங்களுக்கும் கூச்சம் இருக்காது. நடக்க முடியாத பெரியவங்க இருந்தா வீட்டு வாசல்ல குடுத்துட்டு வர ஒரு ஆள் வேணும், சைக்கிள் இருந்தா அந்த வேலையை நீங்க எடுத்துக்கோங்க. அடுத்த போகத்துக்கு என்ன போடலாம்னு வாங்குறவங்ககிட்டயே கேளுங்க, சமைக்கத் தெரியாத காயை வளர்த்து குடுத்தா குப்பைக்குதான் போகும்.

எழுதப் படிக்க நல்லா வரும்னா இடத்துக்காரர்கிட்ட எழுத்துல ஒப்பந்தம் வாங்க உதவுங்க, வாய்ப்பேச்சுல ஓடுற தோட்டத்தை எப்ப வேணா காலி பண்ண சொல்லுவாங்க. காலி பண்ண சொன்னாலும் நிக்குற பயிர் அறுவடை ஆகுற வரைக்கும் டைம் உண்டுன்னு அதுல ஒரு வரி சேர்த்துருங்க.