இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்திருக்கிறதா? மரத்தைக் கண்டுபிடிக்கும் வழி

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிடாதீர்கள், இலவு, புரசு, கல்யாண முருங்கை மூன்றுமே இலை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலென்று நிற்கும். கீழே விழுந்த பூவை எடுங்கள். தடித்த 5 இதழ்கள் விரிந்து, நடுவே ஏராளமான மகரந்தத் தாள்கள் இருந்தால் இலவு. அடிமரத்தில் கூம்பு வடிவ முட்களும் இருக்கும் (வயதான மரத்தில் உதிர்ந்திருக்கலாம், முள்ளை மட்டும் நம்பவேண்டாம்).

அவரைப் பூ மாதிரி இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. இங்கேதான் குழப்பமே. புரசுப் பூ ஆரஞ்சு கலந்த சிவப்பு, கிளிமூக்கு போல வளைந்த இதழ், அதைத் தாங்கும் புல்லிவட்டத்தில் கரும்பழுப்பு மென்மயிர். கிளையில் முள் கிடையாது. கல்யாண முருங்கையின் கிளைகளில் முள் உண்டு. தளிர் விட்ட பிறகு பார்த்தால் இரண்டிலும் மும்மூன்று சிற்றிலைகள்தான், அதனால் காயைத் தேடுங்கள்: புரசின் தட்டைக் காயில் நுனியில் ஒரே விதை, மற்றதில் பல.