பழைய வால்வு கிடார் ஆம்ப் பழுது பார்ப்பது: ஒரு ஃபெண்டர் சாம்ப்பை முன்வைத்து

என் அப்பா மதுரையில் வால்வு, அதாவது கண்ணாடிக் குழாய், வைத்த ரேடியோக்களைப் பழுது பார்த்தவர். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, அளக்காமல் எதையும் கழற்றாதே. கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பக்கம் வந்த பிறகும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஆம்ப் கிடைத்ததும் உள்ளே இருக்கும் கன்டென்சர், ரெசிஸ்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்கள் உண்டு. சத்தம் வரும், ஆனால் அந்த ஆம்ப்பின் குரலில் பாதி குப்பைக் கூடைக்குப் போயிருக்கும்.

நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஃபெண்டர் சாம்ப் இது. வெள்ளி முகப்பு, எட்டு இஞ்ச் ஸ்பீக்கர், ஐந்தாறு வாட். மூன்றே வால்வு: சத்தத்தை முதலில் பெருக்க 12ஏஎக்ஸ்7, ஸ்பீக்கரை ஓட்ட 6வி6, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையராக 5ஒய்3. பழகுவதற்கு ஏற்ற ஆம்ப். வயதை வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாட் என்ற மாறும் ரெசிஸ்டரின் முதுகில் படித்தேன். 1377112 என்று இருந்தது. 137 என்றால் சிடிஎஸ் கம்பெனி, அடுத்தது 71ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். அப்படியானால் ஆம்ப் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

முதலில் உயிர். பிளக்கைப் பிடுங்கிவிட்டாலும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டிருக்கலாம். 10கே (10,000 ஓம்), 5 வாட் ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கிளிப் போட்டு ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேசிஸில் மாட்டுங்கள். மறுமுனையைக் கன்டென்சரின் பாசிட்டிவில் சில விநாடி வையுங்கள். பிறகு மீட்டரில் பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் பண்ணி இறக்கும் பழக்கம் வேண்டாம். கரண்ட் ஓடும்போது அளக்க நேர்ந்தால், ஷாக் நெஞ்சு வழியே பாயாமல் இருக்க, இடது கை சட்டைப்பையில்.

நான் திறந்த சாம்ப்பில் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு செம்புக்கம்பி இருந்தது. எந்த மெக்கானிக் போட்டாரோ, தெரியவில்லை. பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு, பின்பக்கம் அச்சடித்திருந்தபடி ஒரு ஆம்பியர் ஸ்லோ ஃபியூஸ் போட்டேன். அடுத்து, இரண்டு பின் வயரை மாற்றி மூன்று பின் வயர். லைவ் முதலில் ஃபியூஸுக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு. எர்த்துக்குத் தனி போல்ட். வயர் இழுபட்டால் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கும்படி அதைச் சற்று நீளமாக விடுங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்குப் போகும் சின்னக் கன்டென்சர் ஒன்று இருக்கும். அது ஷார்ட் ஆனால் கிடார் கம்பியிலேயே மின்சாரம் நிற்கும். அதை மட்டும் அளக்காமலே வெட்டி எடுத்துவிடுவேன்.

அமெரிக்காவின் குறைந்த வோல்ட்டுக்குச் செய்த ஆம்ப் என்பதால், நம் ஊரில் இதற்கு ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம். அது இரண்டு பக்கத்தையும் பிரிக்காது, உள்ளே சுற்று அறுந்தால் 230 வோல்ட் அப்படியே ஆம்ப்புக்குள் போய்விடலாம். தனித்தனிச் சுற்று உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். 110 வோல்ட் தருவது நல்லது. இந்த ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர் 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது, நம்முடைய 50இல் கூடுதலாகச் சூடாகும். வோல்ட் குறைந்தால் அந்தச் சூடும் குறையும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 6.3க்குப் பதில் 5.9 வோல்ட் அளவில் வரும், வால்வு அதைத் தாங்கும்.

முதன்முதலில் உயிர் கொடுக்கும்போது, ஷார்ட் இருந்தால் கரண்டை மட்டுப்படுத்த சீரீஸ் லேம்ப். அப்பா பலகையில் ஹோல்டர் அடித்து வைத்திருந்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. ஸ்டெப்டவுனுக்கு முன்னால், 230 வோல்ட் பக்கம், 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போடுங்கள். வால்வு இல்லாமல் ஒருமுறை, பிறகு வால்வுகளோடு ஒருமுறை. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காமல் நின்றால் எங்கோ ஷார்ட். வால்வுகள் இருக்கும்போது ஸ்பீக்கர் கட்டாயம் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால், 6வி6க்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம், அதற்கு மாற்று கிடைப்பது சிரமம்.

வயது கொல்வது எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்களைத்தான், ஃபில்டர் அந்த வகைதான். ஹம் சத்தம் 100 ஹெர்ட்ஸில், சற்றுக் கூர்மையாக இருந்தால் ஃபில்டர் மேல் சந்தேகப்படுங்கள். 50இல் கனமாக இருந்தால் ஹீட்டர் வயர் அல்லது எர்த் பக்கம் பாருங்கள். பழைய ஃபில்டரின் அலுமினியக் குப்பியை அலங்காரத்துக்காக அப்படியே விட்டுவிடலாம், ஆனால் அதன் இணைப்புகளைக் கழற்றிவிட வேண்டும். 20 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 22 மைக்ரோ, 500 வோல்ட் தாங்குவதாகப் போடுங்கள். ஆன் செய்ததும் 5ஒய்3 முந்திக்கொண்டு சூடாகி, 6வி6 கரண்ட் இழுக்கும் முன்பே வோல்ட்டை ஏற்றிவிடும். 500 வோல்ட் கேட்பது அதனால்தான். பெரிதாகப் போட்டால் நல்லது என்று 47, 100 போடாதீர்கள், ரெக்டிஃபையர் வால்வின் ஆயுள் குறையும். 6வி6இன் கேத்தோடில் (எலெக்ட்ரான் வெளிவரும் முனை) இருக்கும் 25 மைக்ரோவையும் கையோடு மாற்றிவிடலாம்.

சத்தத்தை மட்டும் அடுத்த வால்வுக்குக் கடத்தி டிசியைத் தடுக்கும் கப்ளிங் கன்டென்சரை அளந்து பாருங்கள். 6வி6இன் ஐந்தாம் பின்னில் (சத்தம் உள்ளே நுழையும் கிரிட்) டிசி கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். பாசிட்டிவாக அரை வோல்ட் காட்டினாலும் கன்டென்சர் கசிகிறது, அல்லது வால்வு சரியில்லை. வேறு வால்வு மாட்டியும் அது போகவில்லையென்றால் கன்டென்சரை மாற்றுங்கள். கசியாததை விட்டுவிடுங்கள். இந்தச் சாம்ப்பில் ஒன்றுகூடக் கசியவில்லை. பொரிகிற மாதிரி சத்தம் வந்தால் மூங்கில் குச்சியால் ஒவ்வொரு ரெசிஸ்டராகத் தட்டிப் பார்க்கலாம். எனக்கு 12ஏஎக்ஸ்7 பிளேட்டில் (எலெக்ட்ரான் போய்ச் சேரும் முனை) இருந்த 100கே ஒன்று 138கே ஆகியிருந்தது. அதை மட்டும் மாற்றியதும் பொரிச்சல் நின்றது.

பாட், ஜாக், வால்வு சாக்கெட் எல்லாவற்றுக்கும் கான்டாக்ட் கிளீனர். ஸ்பீக்கர் கோனில் சின்னக் கிழிசல் இருந்தால் டிஷ்யூ காகிதமும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும்.

கடைசியாக சீரீஸ் லேம்ப்பை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். இந்தச் சாம்ப்பில் 6வி6 கேத்தோடில் 18.5 வோல்ட், ரெசிஸ்டர் 470 ஓம். வகுத்தால் 39 மில்லி ஆம்பியர். ஸ்க்ரீன் என்ற நடு வலைக்குப் போகும் இரண்டைக் கழித்து, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே இருந்த 310 வோல்ட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 11.5 வாட். 6வி6இன் பிளேட் தாங்கும் சூட்டுக்குப் பழைய அட்டவணை தரும் எல்லை 12. இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பவர் டிரான்ஸ்ஃபார்மர் மேல் கை வைத்தேன். சூடுதான், ஆனால் கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது. பிறகு நண்பரைக் கூப்பிட்டு, கிடாரை எடுத்துவரச் சொன்னேன்.