பிக்சல் வேறு, கோப்பின் அளவு வேறு

படத்தைச் சிறிதாக்கி அனுப்பும்படி யாராவது கேட்டால், அவர் படத்தை ஆக்கும் சிறு வண்ணப் புள்ளிகளான பிக்சல்களைக் குறைக்கச் சொல்கிறாரா, கோப்பின் அளவைக் குறைக்கச் சொல்கிறாரா என்பதை முதலில் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். குறுக்கே 4000, நெடுக்கே 3000 என்று 1 கோடியே 20 லட்சம் பிக்சல்கள் கொண்ட படத்தை 12 மெகாபிக்சல் என்கிறோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட்டுகள் தேவைப்படுவதால், அப்படியே சேமித்தால் அது ஏறத்தாழ 36 எம்பி, அதாவது 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். கைபேசியிலோ பெரும்பாலும் 3 முதல் 5 எம்பி வரைதான் காட்டும். இடையில் வேலை செய்திருப்பது ஜேபெக் என்னும் சுருக்க முறை.

ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயலில் வெறும் வானம் தெரியும் படம் சிறிய கோப்பாக அமையும். அதே வரப்பில் நின்று தை மாதத்தில் எடுத்த, கதிர் முற்றிய சம்பா வயலின் படம், ஒவ்வொரு நெல்மணியும் தனித்துத் தெரிவதால், பிக்சல் எண்ணிக்கை மாறாமலே அதைவிடப் பெரிய கோப்பாகிவிடும். ஆகவே எம்பியை மட்டும் பார்த்துப் படத்தின் தெளிவை எடைபோடக் கூடாது.

எத்தனை பிக்சல் வேண்டும் என்பதைப் படத்தின் பயன்தான் தீர்மானிக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் உள்ள சோழர் கல்வெட்டை வாசிப்பதற்காகப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு மீட்டர் நீளச் சுவர் 4000 பிக்சலுக்குள் அடங்கினால், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல் கிடைக்கும். மூன்று சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு 30 பிக்சல் என்பதால் வாசித்துவிடலாம். அதையே 1000 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் எழுத்துக்கு ஏழெட்டுப் பிக்சல்தான் மிஞ்சும். பகரம் எது, யகரம் எது என்று பிரித்தறிய முடியாது. பிறகு எந்த மென்பொருளில் பெரிதாக்கினாலும் அது இடைவெளியை ஊகித்து நிரப்புமே தவிர, கல்லில் இருந்த கோட்டைத் திருப்பித் தராது. இத்தகைய படங்களை நெருங்கி நின்று, சாய்வெயில் விழும் நேரத்தில், பகுதி பகுதியாக எடுப்பதே நல்லது.

அச்சுக்குக் கணக்கு எளிது. கையில் வைத்துப் பார்க்கும் அழைப்பிதழுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பதால், ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு 1500-க்கு 2100 போதும். தொலைவிலிருந்து பார்க்கும் ஃபிளெக்ஸ் பதாகைக்கு அதில் கால்பங்கு அடர்த்தியே தாராளம். பிக்சல்களைக் கூட்டாமல், அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைக் குறிக்கும் டிபிஐ என்ற இடத்தில் மட்டும் 72-ஐ 300 என்று மாற்றுவதால் படத்தில் எதுவும் சேராது. என் அக்காள் மகனின் திருமணத்துக்குக் கும்பகோணத்தில் அழைப்பிதழ் அடித்தபோது, குலதெய்வக் கோயில் படத்தை அரட்டைச் செயலியில் சாதாரணப் படமாக அனுப்பினேன். செயலி அதைச் சுருக்கிவிட்டதால் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் குழைந்துபோய் அச்சாகின. ஆவணமாக இணைத்து அனுப்பியிருந்தால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேர்ந்திருக்கும்.

இணைய விண்ணப்பத்துக்கு 50 கேபிக்குள் படம் கேட்டால், மூலப்படத்தைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, முகத்தளவுக்கு வெட்டி, பிக்சல்களைக் குறைத்து, கடைசியாகத்தான் ஜேபெக் தரத்தைக் குறைக்க வேண்டும். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் படத்துக்கு 413-க்கு 531 பிக்சல் போதுமானது. தரத்தை நூற்றுக்கு 85-இல் தொடங்கிப் படிப்படியாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் வெட்டிய நகலிலிருந்தே புதிதாகச் சேமியுங்கள், ஏனெனில் சுருக்கிய கோப்பையே மறுபடி மறுபடி சுருக்கினால் இழப்பு கூடிக்கொண்டே போகும். சிட்டா போன்ற எழுத்து நிறைந்த திரைப்பிடிப்புகளை மட்டும், இழப்பில்லாமல் சுருக்கும் பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுத்தின் விளிம்பு சிதையாது.